பதினைந்து வயதில் கேட்ட இரைச்சலை மறுபடி எங்கே சந்தித்தீர்கள்?

அல்சூர்வாசி

போன மாதம் பெங்களூர் அல்சூர் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்ததால் பரணைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. பித்தளைக் குடம், மூக்குடைந்த கொலுப் பொம்மைகள், அப்பாவின் தொழிற்சாலைச் சீருடை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பிஸ்கட் டின், அதற்குள் பதினொரு கேசட்டுகள். பத்தில் பூசணம் பிடித்திருந்தது, தூக்கிப் போட்டுவிட்டேன். பதினொன்றாவதின் அட்டையில் முருகன் படம். அதைப் போட மனம் வரவில்லை. பக்திதான் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் செலோ டேப் ஒட்டியிருந்தது. ஒட்டியவன் நான்.

இளையவர்களுக்காக ஒரு விளக்கம். கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு சிறு குழிகள் இருக்கும். குழி இருந்தால் டேப் ரெக்கார்டரின் பதிவுப் பொத்தான் அழுந்தாது. குழியை டேப் ஒட்டி மூடிவிட்டால் அழுந்தும், பழைய பாட்டு அழிந்து புதியது ஏறும். 1999-இல் எங்கள் வகுப்பில் இந்த வித்தை தெரியாத பையன் கிடையாது.

காக்ஸ் டவுனிலிருந்து வரும் ஆங்கிலோ இந்தியத் தோழன் ஒருவன், ஹெவி மெட்டல் என்னும் இரைச்சலான ராக் இசை வாசிக்கும் மெட்டாலிகா குழுவின் 1991 ஆல்பத்தை (அட்டை முழுக்கக் கறுப்பாக இருக்குமே, அது) தன் அண்ணனுக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தான். ஒரே ஒரு ராத்திரிக்குத்தான். வெற்றுக் கேசட் வாங்கக் கையில் காசில்லை. பூஜை அலமாரியில் அம்மாவின் சஷ்டி கவசம் இருந்தது. இதற்கு மேல் என்ன சொல்ல?

ஆல்பம் அறுபத்திரண்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும், கவசக் கேசட்டோ அறுபதுதான். அதனால் இரண்டாம் பக்கத்தில் மெதுவாகப் போகும் ஒரு பாட்டு சவசவ என்றிருக்கிறது என்று முடிவு செய்து விட்டுவிட்டேன். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடுவது அந்தப் பாட்டைத்தான் என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. ஆறரை நிமிடப் பாட்டு போனதால் கேசட்டின் முடிவில் நாலு நிமிடம் மிச்சம். அந்த நாலு நிமிடத்தில் கவசம் இருந்த இடத்திலேயே இருந்தது. டிரம்ஸ் ஓய்ந்ததும் ஒரு கணம் நிசப்தம், உடனே சூலமங்கலம் சகோதரிகள். இரண்டு வருடம் நான் ஹெவி மெட்டல் கேட்டது இப்படித்தான். இன்றைக்கும் அந்தக் கடைசிப் பாட்டை எங்கே கேட்டாலும், முடிந்ததும் காது முருகனுக்காகக் காத்திருக்கிறது.

அம்மாவிடம், கேசட் சிக்கிக்கொண்டு நாடா அறுந்துவிட்டது என்று சொன்னேன். அவள் எதுவும் கேட்கவில்லை, கிருத்திகைக்கு வேறு வாங்கிக்கொண்டாள். இப்போது கேசட் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கும் நிலையில் பெட்டி இல்லை. அந்த வயது இரைச்சல் உங்களையும் எங்கேயாவது வழிமறித்திருந்தால் எழுதுங்கள்.

கறுப்புச் சட்டை

அல்சூர் அண்ணா, நான் ஃபிரேசர் டவுன். பெண்தான். இதைக் கேட்பவர்கள் எல்லோரும் ஆண்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

2007 மார்ச் 17, பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்து மெட்டல் குழு அயர்ன் மெய்டன். இந்தியாவில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி. சென்னை, ஹைதராபாத் பையன்கள் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். எனக்கு 19 வயது. பிரிகேட் ரோட்டில் வாங்கிய கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த தாத்தா ஈஸிசேரில் இருந்தார். ஈரோட்டுப் பக்கத்தவர், இளம்வயதில் பெரியார் கூட்டம் ஒன்றையும் விட்டதில்லை. கண் பார்வை அப்போது மங்கல். பேத்தி கறுப்புச் சட்டையில் வருவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "எங்கேயம்மா கூட்டம்?" என்றார். மைதானத்தில் என்றேன். "நல்ல கூட்டம் வருமா?" ஆயிரக்கணக்கில் வரும் என்றேன். அருகில் அழைத்து, சட்டையில் இருந்த மண்டையோட்டு உருவத்தை விரலால் தடவி, கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சாமி படம் இல்லை அல்லவா, அது போதும்" என்று ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினார்.

அந்தச் சட்டை இப்போது அடுப்படித் துணி. நன்றாகத் தண்ணீர் உறிஞ்சுகிறது.

சுவர்ணா ரயில் பயணி

எனக்கு மெட்டல் ஒத்துவராது, ராப்தான். கோலார் தங்கவயல்காரன். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா வேலையை இழந்தபோது எனக்கு 14 வயது. அதற்குப் பிறகு தங்கவயல் இளைஞர்களின் வாழ்க்கை ரயிலில்தான். விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ஏறினால் பெங்களூரில் கல்லூரியோ வேலையோ, ராத்திரி மறுபடி அதே பெட்டி. இடம் பிடிக்க முடியாத நாங்கள் கதவோரம் உட்கார்ந்து அமெரிக்க ராப் பாடகர் எமினெம் கேட்டோம். டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகள், பாழடைந்த வீடுகள், தகர வீட்டில் ஓர் அம்மா என்று அவர் நடித்த "8 மைல்" படம் வந்தது. அதன் பாட்டுக்கு 2003-இல் ஆஸ்கர், ராப் பாட்டுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் அதுதான். படத்தை நாங்கள் பார்த்தது வெகுநாள் கழித்து. ஆனால் வேலை போன ஊரின் பாட்டு என்பது மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

வார்த்தைகள்தான் புரியவில்லை. நான் தமிழ் வழியில் படித்தவன். அதனால் கேட்கக் கேட்க ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதினேன், நிறுத்தி நிறுத்தி, வரி வரியாக. "பேக்" என்று எழுதியிருந்தால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா என்று கடவுளுக்குத்தான் தெரியும். பொருள் தெரியாமலே முழுவதும் மனப்பாடம். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் ஒரு மூச்சில் சொல்லி முடிப்பேன். எதிரே உட்கார்ந்திருக்கும் பூக்காரம்மாக்கள் ஏதோ பரீட்சைப் பாடம் என்று நினைத்து, பையன் நன்றாகப் படிக்கிறான் என்பார்கள். 2006-இல் மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழுவின் "வல்லவன்" தமிழ் ராப் ஆல்பம் கைக்கு வந்தது. முதல்முறையாக ராப்பில் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சந்தோஷத்தில் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நோட்டை மூடியது அப்போதுதான்.

இனிதான் சந்திப்பு. என் மகளுக்கு ஒன்பது வயது. பெங்களூர்ப் பள்ளியில் தமிழ் கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுத்துச் சொல்லித் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அந்த நோட்டைக் கண்டெடுத்து, பெருமையாக எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். தாத்தா, பாட்டி, அத்தை எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அரைப் பக்கம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. திடீரென்று அவளுக்குப் பிடிபட்டது, இது தமிழ் இல்லை, தமிழ் வேஷம் போட்ட ஆங்கிலம் என்று. வேகமாக வாசித்தாள். ஒரு வரியில் சட்டென்று நின்று என்னைப் பார்த்தாள். "அப்பா, இது மிக மோசமான வார்த்தை. நீங்கள் அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறீர்கள்."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அதே பக்கத்தில் பதினோரு இடத்தில் எழுதியிருக்கிறேன், இரண்டு இடத்தில் சிவப்பு மையால் அடிக்கோடும் உண்டு. பெண்களைப் பற்றி அந்தப் பாட்டு சொல்வதையெல்லாம் நான் அன்றைக்கு அறியவில்லை. அறிந்திருந்தாலும் கேட்டிருப்பேன் என்பதுதான் உறுத்துகிறது. இப்போது நோட்டு என் அலுவலகப் பையில் இருக்கிறது.

கறுப்புச் சட்டை

பூக்காரம்மாக்கள் முன்னாலா? ரயில் அண்ணா, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

முன்வரிசை

எல்லோரும் ஏக்கத்தோடு எழுதுகிறீர்கள். எனக்கு ஏக்கத்துக்கு வாய்ப்பே இல்லை, நான் தினமும் ராத்திரி சந்திக்கிறேன். 2008-இல் மெகாடெத், 2009-இல் மறுபடி மெய்டன், 2011 அக்டோபர் 30-இல் மெட்டாலிகா (குர்கான் நிகழ்ச்சி ரத்தாகி இரண்டு நாள் கழித்து இங்கே நடந்ததே, அது). எதிலும் ஒலிபெருக்கிக்குப் பத்தடிக்கு அப்பால் நின்றதில்லை. நிகழ்ச்சி முடிந்த ராத்திரி காதில் "கொய்ங்" என்று கேட்பதை அன்றைக்குப் பதக்கம் மாதிரி சொல்லிக்கொள்வோம். அது காலையில் போய்விடும். 38 வயதில் ஒரு நாள் வந்தது, போகவில்லை.

டாக்டர் செவித்திறன் வரைபடம் எடுத்துக் காட்டினார். கோடு ஒழுங்காக வந்து 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கி, அப்புறம் ஏறுகிறது. இரைச்சலால் கெட்ட காது இப்படித்தான் எழுதும் என்றார். தறியில் வேலையா, பட்டறையா என்று கேட்டார். கிட்டார் என்றேன். வாசிப்பீர்களா என்றார். இல்லை, கேட்பேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், மருந்துக்கடையில் விற்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான் இரண்டு வாங்கிக் கொடுங்கள். ஆனாலும் உள்ளூர்ப் பையன்கள் என்று நாங்கள் கைதட்டிய கிரிப்டோஸ் குழு ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழா மேடை வரை போனதைப் படித்தபோது, கொய்ங் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

அல்சூர்வாசி

எஸ்.பி. ரோட்டில் ஒரு பெரியவர் இன்னும் டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிறார். எங்கள் பழைய பெட்டிக்குள் ரப்பர் பெல்ட் உருகி வெல்லப்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்து வேறு போட்டுக் கொடுத்தார். நேற்று சாயந்தரம் ஓட்டிப் பார்த்தேன். ஒலி கொஞ்சம் தள்ளாடுகிறது, ஆனால் ஓடுகிறது. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். 74 வயது. எதுவும் சொல்லாமல் இரண்டாம் பக்கம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் கீரையைக் கீழே வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் ஒரு தடவை கத்துவான்" என்றாள். "அப்புறம் வரும்."