கீ: விசையா, சாவியா, திறவுகோலா?

வணக்கம். கணினித் துறையில் வருகிற 'கீ' (key) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில், 'கீபோர்டுக்கு விசைப்பலகை இருக்கிறதே, அதனால் பப்ளிக் கீயைப் (public key) பொதுவிசை என்று போட்டுவிடலாம்' என்ற யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. விசைப்பலகையில் விசை பொருந்துகிறது, ஏனென்றால் அது அழுத்தினால் வேலை நடக்கிற பொருள். விசைத்தறி, விசைப்படகு என்று இயந்திரங்களோடு ஏற்கெனவே பழகிய சொல், இயற்பியலில் நியூட்டன் விதிகளுக்கும் அதுதான். மறைகுறியாக்கத்தில், அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவதில், வருகிற கீயை யார் அழுத்துகிறார்கள்? ஏஇஎஸ் (AES) என்ற மறைகுறியாக்க முறையில் அது 128, 192 அல்லது 256 பிட் நீளமுள்ள ஓர் எண், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றையே எல்லா இடத்திலும் இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, இதுவரை போனதும் இல்லை. தேர்வுக்கு விடைக்குறிப்பு (ஆசிரியர்கள் வாயில் 'கீ ஆன்சர்'தான், சரி விடுங்கள்). ஆர்மோனியத்துக்குக் கட்டை. விரல் வைக்கிற கட்டையின் பெயரிலேயே பாடகரின் சுருதியையும் சொல்கிறோம்: ஒரு கட்டை என்றால் மேற்கத்திய இசையின் சி சுரம், ஐந்து கட்டை என்றால் ஜி. எந்தக் குழுவும் கூடி முடிவு செய்யாமல், புழங்கிப் புழங்கியே நிலைத்தது.

மறைகுறியாக்கத்துக்கு நான் சொல்வது சாவி. போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தது என்கிறீர்கள், உண்மைதான். ஜன்னலும் அலமாரியும் அங்கிருந்து வந்தவைதானே, யாரும் வெளியே தூக்கிப் போடவில்லை. திறவுகோல் நல்ல சொல், விவிலியத்தில் 'பரலோகராஜ்யத்தின் திறவுகோல்கள்' என்று அழகாக வருகிறது. ஆனால் பெயரிலேயே திறப்பது மட்டும்தான் இருக்கிறது, நமக்கோ பூட்டவும் வேண்டும்.

இதில் உண்மையான சிக்கல் 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பப்ளிக் கீ முறை பற்றி வெளியிட்ட கட்டுரையிலிருந்து தொடங்குகிறது. அதற்கு முன்பு வெளியுலகுக்குத் தெரிந்த முறைகளில் பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே ரகசியம், இரண்டு பக்கமும் அதை வைத்திருக்க வேண்டும், ஆக சாவி என்ற உருவகம் சிரமமில்லாமல் ஓடியது. இப்போது இரண்டு கீ: ஒன்றை ஊருக்கே கொடுத்துவிடலாம், அதை வைத்து யாரும் பூட்டி அனுப்பலாம், திறப்பது என்னிடம் உள்ள இன்னொன்றால் மட்டுமே. இதைப் பார்த்துத்தான் 'பொதுப்பூட்டு, தனிச்சாவி' என்ற யோசனை வந்திருக்கிறது. திறந்த பூட்டை எல்லோருக்கும் கொடுத்து, சாவியை மட்டும் மடியில் வைத்துக்கொள்வது போல. வகுப்பில் விளக்குவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை, நானும் மயங்கத்தான் செய்தேன். ஆனால் மின்னொப்பத்துக்கு (டிஜிட்டல் கையெழுத்துக்கு) வந்தால் கவிழ்கிறது. அங்கே தனிக் கீயால் ஒப்பமிடுகிறோம், பொதுக் கீயை வைத்து மற்றவர்கள் சரிபார்க்கிறார்கள். பூட்டை வைத்து எதைச் சரிபார்ப்பது? அதனால் இரண்டையும் சாவி என்றே வைப்போம்: பொதுச்சாவி, தனிச்சாவி. பல கீகளைச் சேர்த்து வைக்கிற கீரிங்குக்குச் சாவிக்கொத்து தயாராக இருக்கிறது, புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம்.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் தளங்களில் உள்நுழைய உதவுகிற பாஸ்கீக்கும் இதே வழி. கடவுச்சொல் இருப்பதால் கடவுச்சாவி. தனிச்சாவியை நம் பக்கமே வைத்துக்கொண்டு, பொதுச்சாவியை மட்டும் தளத்துக்குக் கொடுக்கிற ஏற்பாடுதான் அது, எனவே சொல்லும் பொருளும் ஒத்துப்போகின்றன.

தகவல்களை அட்டவணைகளாகச் சேமிக்கிற தரவுத்தளத்தில்தான் சாவி எனக்கு உறுத்துகிறது. பிரைமரி கீ எதையும் பூட்டுவதுமில்லை திறப்பதுமில்லை, ஒரு வரிசையை மற்ற வரிசைகளிலிருந்து பிரித்து அடையாளம் காட்டுகிறது. குடும்ப அட்டைகளுக்கு ஓர் அட்டவணை, உறுப்பினர்களுக்கு ஓர் அட்டவணை என்று வைத்தால், முதல் அட்டவணையில் அட்டை எண் பிரைமரி கீ, இரண்டாவதில் அதே எண் ஃபாரின் கீ. இவற்றை முதன்மை அடையாளம், அயல் அடையாளம் என்று சொல்லிப் பார்க்கிறேன். அயல் அடையாளம் கொஞ்சம் கடவுச்சீட்டு அலுவலக வாடை அடிக்கிறது, தெரியும். இணைப்பு அடையாளம் என்றால் வேலையாவது விளங்கும், அடுத்த அட்டவணையோடு இணைப்பதுதானே அது? நான் இதன் பக்கமே சாய்கிறேன். பாடம் நடத்துகிறவர்கள் இரண்டையும் வகுப்பில் சொல்லிப் பார்த்து, மாணவர்களுக்கு எது ஒட்டுகிறது என்று எழுதுங்கள்.