குருசேடர் கிங்ஸ் 3: மன்ஸ்டர் உடையாமல் இருக்க வழி?

இந்தக் கணினி விளையாட்டில் நான் ஆடும் மன்ஸ்டர் மன்னர் முர்காட் இறந்ததும் கனாக்ட் இளைய மகனோடு தனி நாடாகப் பிரியும் என்று வாரிசுரிமைத் திரை காட்டுகிறது.

1066 தொடக்கம், அயர்லாந்து, முர்காட். இப்போது 1084. டிஎல்சி (தனியாக வாங்கும் கூடுதல் தொகுப்பு) எதுவும் இல்லை. சட்டம் கான்ஃபெடரேட் பார்ட்டிஷன் (பட்டங்களை மகன்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வாரிசுரிமை முறை). மன்ஸ்டர், கனாக்ட் என இரண்டு டச்சிகள் (பல கவுன்டிகள், அதாவது சிறு மாவட்டங்கள், சேர்ந்த பகுதிகள்), இரண்டு மகன்கள்.

கனாக்ட் பட்டத்தை அழித்தும் பலனில்லை. அங்கே பாதிக்கு மேல் கவுன்டிகள் நம்மிடம் இருப்பதால், மன்னர் சாகும்போது இந்தப் பாழாய்ப்போன சட்டமே அதைத் திரும்ப உருவாக்கிவிடும். அதனால் முன்பு சேமித்து வைத்த ஆட்டத்துக்கே திரும்பிவிட்டேன். இளையவனை வாரிசுரிமையிலிருந்து நீக்க ரினவுன் (வம்சப் புகழ்ப் புள்ளிகள்) போதவில்லை. துறவியாகச் சொன்னாலும் மறுக்கிறான். அயர்லாந்து அரசுப் பட்டம் கிடைத்தால் தம்பி அண்ணனுக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசனாகவே இருப்பான், ஆனால் தங்கம் பாதிதான் சேர்ந்திருக்கிறது. முர்காட் உடல்நிலையும் மோசம்.

தங்கம் சேரும்வரை காத்திருப்பதா, இரண்டு டச்சிகளுக்கும் டானிஸ்ட்ரி தேர்தல் முறையை (பிரபுக்கள் வாக்களித்து வம்சத்திலிருந்து வாரிசைத் தேர்ந்தெடுப்பது)ப் போட்டுவிடுவதா?