வள்ளியின் அம்மா மான்தானே? பிள்ளைகளோடு வேட்டைக்குப் போன ஞாயிறு

ரோஸ் ஹில் அம்மா:

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மான் வேட்டைக்குப் போனவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மொரீசியஸில் போன ஜூலையில் நாங்கள் போனோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9. உரிமமும் துப்பாக்கியும் என் அண்ணனுடையவை.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் முகம் சுளிக்கலாம் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். மொரீசியஸ் கதை வேறு. இந்தத் தீவில் முன்பு மானே கிடையாது. 1639இல் டச்சு ஆளுநர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்டார். உங்கள் ஊர் மிளாவுக்கு நெருங்கிய சொந்தம் இது. கரும்பும் அவர் கையால்தான் இங்கே வந்தது. அந்தக் கரும்புக்காகத்தான் பிற்பாடு நம் பாட்டன்மாரைக் கப்பலேற்றினார்கள். புலியோ சிறுத்தையோ இல்லாத தீவு. மானைக் குறைக்க மனிதரை விட்டால் ஆளில்லை. நல்ல நிலையில் மிஞ்சியிருக்கும் பழைய காடு 2 சதவீதத்துக்கும் குறைவு. அதில் முளைக்கும் கன்றை மான் மேய்ந்துவிடாமல் இருக்க வேலி போட்டுக் காக்கிறார்கள். வேட்டைக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை.

இதையெல்லாம் மகளிடமும் சொல்லித்தான் கூட்டிப்போனேன். காரில் அவள் கேட்ட கேள்வி இதில் எதற்கும் கட்டுப்படவில்லை.

"வள்ளியோட அம்மா மான்தானே? அப்புறம் மாமா எப்படிச் சுடுவாங்க?"

காவடி நேரத்தில் கோயிலில் கேட்ட கதை. நான் விழித்தேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன்தான் பதில் சொன்னார்: "வள்ளியை எடுத்து வளர்த்தவரும் வேடர்தானம்மா."

"அவர் வள்ளியோட அம்மாவைச் சுட்டாரா?"

தாமரின் தாண்டி, காஸ் நோயால் வரும்வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

காட்டுக்குள் இறங்கியதும் குழுத் தலைவர் பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் பேசினார். கொம்பு ஊதும்வரை துப்பாக்கியில் தோட்டா ஏறாது. மறுபடி ஊதும்வரை யாரும் மிராடோரை விட்டு இறங்கக் கூடாது. ஆட்கள் புதரைத் தட்டி வரும் பக்கம் குழலே திரும்பக் கூடாது. பெரியவர்களுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

மிராடோர் என்பது மரக்கால்கள் மேல் நிற்கும் பரண். எங்களதில் நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். ஜூலைக் குளிரில் பிள்ளைகள் என் சால்வைக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். சீனக் கொய்யாப் புதர் எங்கும் ஈரம். தூரத்தில் நாய்களும் ஆட்களின் கூச்சலும் கேட்க ஆரம்பித்ததும் மகன் என் மணிக்கட்டைப் பிடித்தான். வெகுநேரம் விடவில்லை.

முதலில் வந்தது ஒரு பிணைமான், பின்னாலேயே குட்டி. முப்பது அடிகூட இருக்காது. எங்களைப் பார்த்து நின்றது. அண்ணன் விசையிலிருந்து விரலை எடுத்து, குழலை வானம் பார்க்க நிமிர்த்திவிட்டார். எங்கள் குழு பெண்மானைச் சுடுவதில்லை. மகள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கலைமான் வந்தது. அதை எப்படி எழுதுவேன்! கொம்பு முழுக்கப் புல்லும் கொடியும் சுற்றித் தொங்கின. இணை தேடும் பருவத்தில் ஆண்மான் கொம்பைப் புதரில் குத்திக் கிளறி, அப்படிச் சூடிக்கொண்டு திரியும் என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரியாது. காவடி எடுத்து வருகிற மாதிரி இருந்தது.

அண்ணன் சுட்டார். மான் விழவில்லை, ஓடிவிட்டது.

முடிவுக் கொம்பு ஊதும்வரை காத்திருந்தோம். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கி, நாயோடு ரத்தத்தடம் பார்த்துப் போனோம். பிள்ளைகளைப் பின்னால் நிறுத்த நினைத்தேன். மகன் கேட்கவில்லை. ஓடைக் கரையில் கிடந்தது, உயிர் போயிருந்தது. அண்ணன் குனிந்து அதன் கழுத்தில் கைவைத்து, "தப்பு என்னுடையது. அது திரும்புவதைப் பார்த்தும் சுட்டுவிட்டேன்," என்று மகனிடமே சொன்னார். அவன் அழுதான். அழுதுகொண்டே ஒரு காலைப் பிடித்து இழுக்க உதவினான்.

குவாத்ர் போர்ன் பெரியவர்:

தங்கச்சி, உன் எழுத்து என்னை 1970களுக்குக் கொண்டுபோய்விட்டது. என் அப்பா எஸ்டேட் வேட்டைக்கு மான் விரட்டப் போவார். ஞாயிறு விடியும் முன் கிளம்பி, முள்ளில் கிழிந்த காலோடு இருட்டில் வருவார். கூலியோடு கொஞ்சம் கறி, சில நாள் ஈரல். கொம்பு துரை வீட்டுச் சுவருக்குப் போகும். என்னையும் ஒருமுறை கூட்டிப்போனார். பரண் மேல் துரை பிள்ளைகள், கீழே புதருக்குள் நான். உன் பிள்ளைகள் பரண் மேல் உட்கார்ந்தார்கள் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது.

கறியைப் பற்றி ஒரு வார்த்தை. மானில் கொழுப்பே இராது. அவசரப்பட்டால் விறகாகிவிடும். மசாலாவை அம்மியில் அரைத்து, கறிவேப்பிலை (கிரியோல்காரர்களுக்கும் அது கரிபுலேதான்) தாராளமாகப் போட்டு, சின்னத் தீயில் மூடி வையுங்கள். புரட்டாசி பிறந்தால் எங்கள் வீட்டில் கோவிந்தன் விரதம். பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். வேட்டைக்காலம் இன்னும் இருந்தாலும் எங்களுக்கு அதோடு முடிந்தது.

மதுரை வாசகி:

என்னால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை, ஆனால் கடைசிவரை படித்தேன். உங்கள் மகள் அந்தக் கறியைச் சாப்பிட்டாளா அக்கா?

ரோஸ் ஹில் அம்மா:

இல்லைம்மா. ஃபராத்தாவை (எங்கள் ஊர் பரோட்டா) தக்காளிச் சட்னி தொட்டுச் சாப்பிட்டாள். யாரும் வற்புறுத்தவில்லை. மகன் ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான், பிறகு தின்றான். அடுத்த வாரம் மாமாவிடம் போய், மான் எந்தப் பக்கம் திரும்பினால் சுடக்கூடாது என்று காகிதத்தில் வரைந்து காட்டச் சொன்னானாம்.

பெரியவரே, என் தாத்தாவும் விரட்டப் போனவர்தான். அதைப் பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. உங்கள் பதிவை நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன். மகள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வரும் ஜூலையில் அவளும் வருவாளாம், ஆனால் பரணில் உட்கார மாட்டாளாம். கொள்ளுத்தாத்தா மாதிரி புதர்ப் பக்கம் நடந்து, கொம்பு ஊதும் முன்பே கத்திக் கத்தி, குட்டி வைத்திருக்கும் மான்களையெல்லாம் ஓட்டிவிடுவாளாம். சின்னப் பிள்ளையை அந்தப் பக்கம் விடமாட்டார்கள் என்றேன். எத்தனை வயதில் விடுவார்கள் என்று கேட்டிருக்கிறாள். அண்ணனிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.