வானம் தோண்டியபோது கிடைத்த ஓடுகள் ரோமானியப் பொருள்களா?

முகப்புத் திண்ணை கேட்டது:
காரைக்குடிக்குக் கிழக்கே உள்ள எங்கள் ஊரில், பாட்டையா காலத்து வீட்டின் பின்கட்டு இடிந்துவிட்டதால், அங்கே இரண்டு அறைகள் எழுப்ப வானம் தோண்டினோம். நாலரை அடியில், செம்மண் முடிந்து சாம்பல் நிற மண் தொடங்கும் இடத்தில், பானை ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று வழவழப்பான கறுப்புத் தட்டின் அடிப்பகுதி. அதன் உட்புறத்தில் நகக்குறி போன்ற நுண்ணிய கீறல்கள் வட்டம் வட்டமாகச் சுற்றி வருகின்றன. மேஸ்திரி, "வெறும் ஓட்டாஞ்சில்லு, நிரவிவிட்டுக் கான்கிரீட் போடலாம்" என்கிறார். பக்கத்து வீட்டு ஆச்சியோ புதையல் என்றே ஊரெங்கும் சொல்லிவிட்டார். இது ரோமானியப் பொருளா? தெரிவித்தால் வேலை நின்றுவிடுமா?

ஊருணிக்கரை எழுதியது:
தாங்கள் விவரிப்பது ரூலெட்டட் வகைத் தட்டாக, அதாவது உட்புறத்தில் நுண்கீறல் வட்டங்கள் பதித்த பழங்காலத் தட்டாக, இருக்கலாம். ஆனால் படத்தைப் பார்க்காமல் உறுதி கூற இயலாது. 1945-இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழ்ந்த தொல்லியல் அறிஞர் வீலர் இவ்வகையை மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த சரக்காகவே கருதினார். பின்னர் களிமண்ணைப் பகுத்தாய்ந்தவர்கள், இது நம் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டது என்ற முடிவுக்கு வந்தனர். ஆகவே, ரோமானியர்களோடு வணிகம் நடந்த காலத்து ஓடு என்பதற்காக அதை ரோமானிய ஓடு என்று சொல்லிவிடக் கூடாது. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் இவ்வகை ஓடுகளும், மது கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகளும், ரோமானிய நாணயங்களும் கிடைத்துள்ளன. இரட்டைக் கைப்பிடியோ, உட்புறம் பிசின் பூச்சோ உள்ள தடித்த துண்டு ஏதேனும் உண்டா என்று பாருங்கள். அதுதான் கடல் கடந்து வந்ததற்கு நல்ல சான்று.

செம்புராங்கல் எழுதியது:
ஆச்சி சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. நம் பக்கத்துப் புதுக்கோட்டைச் சீமையில், கருக்காக்குறிச்சியில், 1898-இல் ஒரு மண்பானையில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே உளிவெட்டு இருந்தது. மீண்டும் காசாகச் செல்லாதிருக்க வெட்டினார்கள் என்பர் சிலர், உள்ளே தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்கள் என்பர் வேறு சிலர். அப்படிக் காசு ஏதேனும் வெளிப்பட்டால், பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டும் புதையலை ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் உண்டு. ஓட்டாஞ்சில்லுக்கு விலை கிடையாதுதான். ஆயினும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொல்லியல் துறையிடமும் சொல்லிவிடுங்கள்.

வேலை நிற்குமோ என்ற அச்சம் எனக்கும் புரிகிறது, ஏனெனில் கொத்தனாருக்குக் கூலி கொடுப்பவர் நீங்கள். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் 2015-இல், கொட்டகைக்கு மின்கம்பி பதிக்கத் தோண்டிய வீட்டுக்காரர், ரோமானிய மாளிகை ஒன்றின் மொசைக் தரையைக் கண்டு உடனே தெரிவித்தார். அறிஞர்கள் வந்து பதிவுசெய்தபின் அதை மண்ணால் மூடிவிட்டனர். இங்கே என்ன செய்வார்கள் என்பதை நம் தொல்லியல் துறையினரே சொல்லட்டும். அதுவரை ஓடுகளைக் கழுவாதீர்கள், ஆழத்தை அளந்து குறியுங்கள், பள்ளத்தின் பக்கவாட்டைப் படமெடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத ஓடு அலமாரிப் பொருள்தான்.

முகப்புத் திண்ணை மீண்டும்:
இரண்டு ஓடுகளை ஏற்கெனவே கழுவிவிட்டேன். மற்றவற்றை மண்ணோடு தாளில் பொதிந்திருக்கிறேன். அந்த மூலையை விட்டுவிட்டு, மேற்குப் பக்கத்தில் வானம் தோண்ட மேஸ்திரி ஒப்புக்கொண்டார். நாளைக் காலை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கிறேன்.