படிகத்துக்குள் இரும்பு அணுவின் இருப்பிடம்: உறுப்பினர் அனுபவங்கள்

தருமபுரி, கல்லூரி இயற்பியல் ஆசிரியர்:

குறைகடத்தி மாசுகளைப் பற்றிய முதுகலை வகுப்பில், சூரிய மின்கலத்துக்கான சிலிக்கானில் இரும்பு கொஞ்சம் கலந்தாலும் கேடு என்றும், இண்டியம் பாஸ்பைடு என்னும் மற்றொரு குறைகடத்தியில் அதே இரும்பை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள் என்றும் சொன்னபோது, காரிமங்கலத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் இந்த முரணுக்குக் காரணம் கேட்டார். அணு எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதில்தான் விடையின் பெரும்பகுதி இருக்கிறது. இண்டியம் பாஸ்பைடில் அது இண்டியத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைப்பதால் படிகம் ஏறத்தாழ மின்காப்பியாகிறது. சிலிக்கானிலோ அணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தில் தங்கி, இணைதிறன் பட்டைக்கு (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களின் ஆற்றல் பரப்புக்கு) ஏறத்தாழ 0.38 எலக்ட்ரான் வோல்ட் மேலே ஓர் ஆற்றல் மட்டத்தை உண்டாக்கி, மின்னோட்டத்தைச் சுமக்கும் மின்னூட்டங்களின் ஆயுளைக் குறைக்கிறது.

இடத்தை எப்படி அறிகிறார்கள் என்று அவர் அடுத்துக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னில், கதிரியக்க அயனிகளை உருவாக்கும் ஐசோல்டே நிலையத்தில், ஏறத்தாழ 1.5 நிமிட அரை ஆயுள் கொண்ட மாங்கனீசு-57 அயனிகளைப் படிகத்தில் பதிக்கிறார்கள். அவை இரும்பு-57 ஆக மாறிய பின் வெளிவரும் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாக் கதிரை மாஸ்பவர் முறையில் (காமாக் கதிரின் ஆற்றலில் வரும் மிக நுண்ணிய மாற்றத்தைக் காட்டும் முறை) அளந்தால், நிறமாலைக் கோட்டின் நிலையே அணுவின் சுற்றுப்புறத்தைக் காட்டிவிடும். ஆனால் அந்தச் சிதைவின்போது அணு சராசரியாக 40 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்குப் பின்னுதைப்பு வாங்கி, சில வேளை தன் இடத்தை விட்டே நகர்ந்துவிடுகிறது. எனவே, நேரடியாகப் பதித்த இரும்பும் அதே இடத்தில்தான் அமரும் என்று அந்த அளவீட்டை மட்டும் வைத்துச் சொல்வது பொருந்தாது.

கிருஷ்ணகிரி, முன்னாள் ஆய்வு மாணவர்:

வணக்கம் ஐயா. நீங்கள் சொல்லும் அதே காரணத்தால்தான் நான் இரும்பு-59 என்னும் கதிரியக்க ஐசோடோப்பின் தரவுகளை அதிகம் நம்புகிறேன். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 44.5 நாள், பீட்டா எலக்ட்ரான் வெளியேறும் கணத்தில் அணு இரும்பின் இடத்திலேயே இருப்பதால், பின்னுதைப்பு அந்த அளவீட்டைக் குழப்புவதில்லை. எலக்ட்ரான்கள் அணு வரிசைகளை ஒட்டிச் செல்ல விரும்புவதால், வரிசையின் மேலேயே அணு இருந்தால் அந்தத் திசையில் உணர்கருவியில் எண்ணிக்கை கூடும். வரிசைகளுக்கு நடுவே இருந்தால் குறையும்.

எங்கள் ஊர் மாந்தோப்பில் தவறிய இடத்தில் முளைத்த ஒரு கன்று, ஒரு கோணத்தில் பார்த்தால் வரிசையோடு மறைந்தும், வேறொரு கோணத்தில் பார்த்தால் நடைபாதையின் நடுவே தெளிவாகத் தெரிந்தும் நிற்பதைப் போன்றதுதான் இதுவும். சிலிக்கானின் நான்முக இடைவெளி இடம் (நான்கு அணுக்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்) <111>, <100> என்னும் படிகத் திசைகளில் அணு வரிசையோடு ஒன்றிவிடும். <110> திசையில்தான் அகன்ற வாய்க்காலின் நடுவே வெளிப்படும். ஆகையால் ஒரே திசையில் அளந்து முடிவு சொன்ன கட்டுரை எதையும் நான் ஐயத்தோடுதான் படிப்பேன்.

பகுத்தாய்வில் அலுப்பூட்டியது, சிலிக்கானில் இரும்பு ஒரே இடத்தில் அமராததுதான். சிலிக்கானின் இடத்திலிருந்து சற்றே விலகியவை, இடைவெளி இடத்தை ஒட்டியவை என்று பலவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் அளந்த வடிவம் பொருந்தும். படிகத்தைச் சூடாக்கினால் அவற்றின் பங்குகளும் மாறும்.

உங்கள் கல்லூரியில், சிலிக்கானுக்கும் உரிய வைரக் கட்டமைப்பின் பந்து-குச்சி மாதிரி இருந்தால், அந்த மாணவியை <110> திசையில் ஒரு கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா. அந்த வாய்க்கால் அவருக்கு நேரடியாகவே தெரியும்.