ஸ்டேஷன் சிசிடிவி பதிவு வாங்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதம் முன்பு என் தம்பி புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போனான். மனு ரசீது கேட்டதற்கு அடித்து அனுப்பினார்கள். இடது காது இன்னும் சரியாகக் கேட்கவில்லை. போலீஸ் நியாயம் செய்யும் என்று நம்பிப் போனவன், அதுதான் மனசைப் பிசைகிறது.

அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேர் மேலே கேமரா. ஸ்டேஷன் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்கணும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆர்.டி.ஐ.யில் கேட்டேன், 30 நாள் தாண்டியும் பதில் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான் கெடு.

மனுவில் அந்தத் தீர்ப்பை எப்படிக் குறிப்பிடுவது? பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி எஸ்.பி.க்குத் தனியாக எழுதணுமா? இப்படிப் பதிவு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் மனு மாதிரி அனுப்புங்கள், ப்ளீஸ்.