முன்பல் இம்ப்ளாண்ட்: அன்றே தற்காலிகப் பல் வைக்காதது ஏன்?

கேள்வி – ஆசிரியை, ஹட்டன்

வணக்கம். மேல் முன்பல் ஒன்று வேரோடு பிளந்துவிட்டதால், மூன்று வாரங்களுக்கு முன்னர் கண்டியிலுள்ள தனியார் பல் சிகிச்சை நிலையமொன்றில் இம்ப்ளாண்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) செய்துகொண்டேன். எலும்பில் திருகைப் பதித்து, முரசைத் தைத்து மூடிய வைத்தியர், கழற்றி மாட்டும் தட்டுப் பல்லொன்றைத் தந்து, திருகின் மேல் பொருத்தும் தற்காலிகப் பல்லை (கிரவுன்) நான்கு மாதங்களின் பின்னரே வைக்கலாம் என்றார். ஆனால் என்னுடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவருக்குக் கீழ்ப் பல்லொன்றுக்கு அன்றைய தினமே கிரவுன் வைத்துவிட்டார்கள்.

நான் தமிழ் கற்பிப்பவள். த, ந பிறப்பதற்கு நாநுனி மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் எனக்கு, தட்டு அசையும்போது ‘நந்தவனம்’ என்ற சொல் காற்றோடு கலைந்து வருகிறது. பின்வரிசைப் பிள்ளைகள் மறுபடி சொல்லும்படி கேட்கிறார்கள். வேறு வைத்தியரிடம் சென்று இப்போதே தற்காலிகப் பல் வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1 – பல் வைத்தியர், பேராதனையில் பயின்றவர்

டீச்சர், தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். அன்றே பல் வைக்க முடியுமா என்பதைத் திருகு எலும்பில் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பதே தீர்மானிக்கிறது. முறுக்கும்போது ஏறத்தாழ 35 நியூட்டன் சென்ரிமீற்றர் இறுக்கம் கிடைத்தால்தான் பலரும் அதற்குத் துணிவார்கள். கீழ்த்தாடை எலும்பு பொதுவாக அடர்த்தியானது. மேல் முன்பல் இருந்த இடத்திலோ எலும்புச் சுவர் பெரும்பாலும் மெல்லியதாகவே இருக்கும். திருகின் டைட்டேனிய உலோகத்தோடு எலும்பு ஒட்டி வளரும் காலத்தில் அது மில்லிமீற்றரில் பத்திலொரு பங்கைத் தாண்டித் திரும்பத் திரும்ப அசைந்தாலே, எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து பிடிப்பு கெட்டுவிடலாம். 1965இல் சுவீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முதல் நோயாளிக்கு இத்தகைய திருகைப் பதித்த காலத்திலிருந்தே, முரசுக்குள் மூடிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கும் முறை இருந்து வருகிறது. உங்கள் சக ஆசிரியைக்கு வைத்த பல்லும் கடிப்பதற்கானதாக இருந்திருக்காது. எதிர்ப்பல் தொடாதபடி உயரம் குறைத்தே அதை வைப்பார்கள்.

நான்கு மாதங்களின் பின் வரும் தற்காலிக கிரவுனுக்கு இன்னொரு பெரிய வேலை உண்டு. முரசையொட்டிய அதன் கழுத்துப் பகுதியில் அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும், இயற்கைப் பல்லைச் சூழ்ந்திருப்பது போன்ற வளைவை முரசில் உருவாக்குவார்கள். முன்பல்லைப் பொறுத்தவரை இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இப்போது கவனிக்க வேண்டியது தட்டைத்தான். அது திருகு இருக்கும் இடத்தை அழுத்தக் கூடாது. அசைந்தாலோ அழுத்தினாலோ உட்புறத்தைச் சீர்செய்யும்படி உங்கள் வைத்தியரிடமே கேளுங்கள். வேறிடம் செல்ல நேர்ந்தால், திருகின் தயாரிப்பும் அளவும் குறித்த அட்டையைக் கொண்டு செல்லுங்கள். ஒரு நிறுவனத்தின் உறுப்பு இன்னொன்றின் திருகுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

பதில் 2 – வாசகர், நானுஓயா

எனக்கு அன்றே தற்காலிகப் பல் வைத்தார்கள், டீச்சர். ஆனாலும் அது நிம்மதியைத் தரவில்லை. ஆறாவது வாரம் பழக்கத்தில் தேங்காய் ரொட்டியை முன்பல்லால் பிய்த்தேன். பல் ஆடத் தொடங்கியது. திருகே போய்விட்டதென்று நடுங்கியபடி கண்டி பஸ்ஸில் ஏறினேன். கிரவுனைப் பிடித்திருந்த சிறு திருகு மட்டுமே தளர்ந்திருந்தது, எலும்பிலிருந்தது அசையவில்லை என்று வைத்தியர் காட்டிய பிறகே மூச்சு வந்தது. அதன் பின்னர் ரொட்டியைப் பருப்பில் ஊறவைத்துப் பின்பற்களால் மென்றேன், சுருட்டையும் விட்டேன்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வைத்தியரிடம் பேசினேன். எலும்பு மெலிந்திருந்ததால் எலும்புத் தூளும் வைத்துத் தைத்ததாகச் சொன்னார். தட்டைச் சீர்செய்ய சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஐயா, இரவில் தட்டைக் கழற்றி வைக்கலாமா?

பல் வைத்தியர்

கட்டாயம் கழற்றுங்கள், டீச்சர். முரசுக்கு ஓய்வு வேண்டும். தட்டைத் துலக்கி, குளிர்ந்த நீரில் இட்டு வையுங்கள். வெந்நீரில் அதன் வடிவம் மாறிவிடும்.